சேலத்தைத் தேடினால் சேலை வரும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் தவறாமல் ஒரு படம் வந்துவிடும். கனமழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு. தொலைக்காட்சியில் வருகிற அதே சிவப்புப் பட்டை, அதே எழுத்து. பிள்ளைகள் புத்தகப்பையை மூலையில் எறிந்துவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து யாராவது ஒருவர், "இது போன வருஷத்துது" என்று குரூப்பில் போடுவார். அதற்குள் படம் நாலு குரூப் தாண்டிப் போயிருக்கும்.

அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம். ஒரு நாள் அது உண்மையான செய்தியாக இருந்தது. தேதி மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. வெளிநாட்டுத் தேர்தல் முடிவை ஒரு நாள் தாமதமாகத் தெரிந்துகொண்டால் குடி முழுகிவிடாது. ஊர்ச் செய்தி அப்படியல்ல. அம்மாபேட்டையில் நாளை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தம், கொண்டலாம்பட்டிப் பக்கம் இரண்டு நாளைக்குக் குடிநீர் வராது. இவையெல்லாம் தேதி இருந்தால்தான் செய்தி. தேதி போய்விட்டால் வெறும் வதந்தி.

நாளிதழ் காலத்தில் இந்தக் கவலை இல்லை. பக்கத்தின் தலையிலேயே தேதி இருக்கும். மாவட்டப் பக்கம் என்று ஒன்று தனியாக இருக்கும். ஒரே பேப்பர்தான், ஆனால் சேலம் பதிப்பில் படிக்கிற ஊர்ச் செய்தி நெல்லைப் பதிப்பில் இருக்காது. செய்தித் தளங்கள் வந்த பிறகு அந்த ஒழுங்கு கலைந்துவிட்டது. தளத்தைத் திறந்தால் முதலில் ராசிபலன், பிறகு நடிகையின் படம், நடுவில் "அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்கிற பெட்டி. அனுமதி கொடுத்தால் விடிய விடிய ஃபோன் கிணுகிணுக்கும். ஃபேஸ்புக்கில் அந்தப் பத்திரிகையின் பக்கத்தைப் பின்தொடரலாம். ஆனால் எந்தச் செய்தியை உங்கள் கண்ணில் காட்டுவது என்பதை அங்கே முடிவு செய்வது நீங்களும் அல்ல, பத்திரிகையும் அல்ல. நூறு வீட்டுக்கு மட்டுமே தேவைப்படுகிற மின்தடைச் செய்திக்கு அந்தக் கணக்கில் என்ன மதிப்பு இருக்க முடியும்?

இதற்கு ஒரு பழைய, எளிய, காசில்லாத வழி இருக்கிறது. அதைத்தான் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதுக்குப் பேரு ஆர்.எஸ்.எஸ். ஃபீட் சார்."

"மெதுவா சொல்லு தம்பி. 'இங்கு அரசியல் பேசக் கூடாது'ன்னு போர்டு மாட்டியிருக்கான் பாரு."

அந்த ஆர்.எஸ்.எஸ். வேறு, இது வேறு. இதன் விரிவு ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். பெயரில் இருக்கிற 'சிம்பிள்' விளம்பரத்துக்காகச் சொன்னதல்ல, நிஜமாகவே எளிமையானது. நம் தமிழ் இணையத்தில் சிலர் இதைச் செய்தியோடை என்று எழுதுவார்கள். பேச்சில் ஃபீட் என்பதே நிலைத்துவிட்டது.

பெட்டிக்கடை வாசலில் கயிற்றில் தொங்குகிற பேப்பர் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற முழுச் செய்தி அதில் இருக்காது. நாலு சொல்லில் தலைப்பு இருக்கும், எந்தப் பேப்பர் என்று இருக்கும். வேண்டுமென்றால் காசு கொடுத்துப் பேப்பரை வாங்கிக்கொள்ளலாம். ஃபீட் என்பது ஒரு செய்தித் தளம் வாசலில் தொங்கவிடுகிற போஸ்டர்தான். ஒரு வித்தியாசம், இந்தப் போஸ்டர் மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டதல்ல, ஒரு செயலி படிப்பதற்காக எழுதப்பட்டது. உங்கள் ஃபோனில் இருக்கிற ஃபீட் ரீடர் என்ற செயலி, நீங்கள் சொல்லி வைத்த கடைகளுக்கெல்லாம் அவ்வப்போது போய், புதுப் போஸ்டர் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உங்களிடம் ஒரே பட்டியலாகக் காட்டும். புதியது மேலே, பழையது கீழே. அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் பயம் தெளிந்துவிடும். அது எக்ஸ்.எம்.எல். வடிவத்தில் எழுதிய ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சிறு கட்டம். அதில் தலைப்பு, செய்தியின் இணைய முகவரி, ஓரிரு வரிச் சுருக்கம், வெளியான தேதியும் நேரமும், பிறகு அந்தச் செய்திக்கென்று ஓர் அடையாள எண். வாட்ஸ்அப் படத்தில் உதிர்ந்துபோகிற தேதியும் முகவரியும் இங்கே ஒவ்வொரு செய்தியோடும் கட்டப்பட்டே வருகின்றன. சந்தேகம் வந்தால் தலைப்பைத் தொடுங்கள், செய்தி வெளியான பக்கத்துக்கே போய் நிற்பீர்கள்.

"இதை யாரு கண்டுபிடிச்சது? கூகுளா?"

கூகுள் இல்லை. கேட்டால் நமக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் 'மை நெட்ஸ்கேப்' முகப்புப் பக்கத்துக்காக இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. பல தளங்களின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும், அதற்கு எல்லாத் தளமும் ஒரே மாதிரி எழுதித் தர வேண்டும் என்பது தேவை. அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் டான் லிபி. இன்னொருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். நெட்ஸ்கேப்புக்கு இறங்குமுகம் வந்தபோது இந்த வடிவமும் அநாதையானது. யூசர்லேண்ட் நிறுவனத்தின் டேவ் வைனர் எடுத்து வளர்த்தார். வளர்ப்பவர்களுக்குள் சண்டையும் வந்தது. 2000 டிசம்பரில் ஒரு குழு 1.0 என்று ஒன்றை வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 14. 2002-ல் வைனர் தன் வழியில் 2.0 கொண்டுவந்தார். இரண்டும் வேண்டாம் என்றவர்கள் ஏட்டம் என்று மூன்றாவதாக ஒன்று செய்து 2005-ல் அதை முறையான இணையத் தரமாக்கினார்கள். இந்தக் குடும்பச் சண்டை உங்களுக்குத் தேவையில்லை. எந்த ரீடரும் மூன்றையும் படிக்கும்.

கூகுள் 2005-ல்தான் வந்தது, கூகுள் ரீடர் என்ற பெயரில். நன்றாக இருந்தது, இலவசமாக இருந்தது, மற்ற ரீடர்களில் பலவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. 2013 ஜூலை 1 அன்று அதை மூடிவிட்டார்கள். மூடப் போகிறோம் என்று மார்ச்சில் அறிவித்ததுமே 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் தங்களிடம் வந்து சேர்ந்ததாக ஃபீட்லி நிறுவனம் சொன்னது. 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தன்னுள் இருந்த ஃபீட் வசதியை எடுத்துவிட்டது. "ஆர்.எஸ்.எஸ். செத்துவிட்டது" என்று அப்போதிலிருந்து வருஷத்துக்கு ஒருவர் இரங்கல் எழுதுகிறார். செத்தது கடைதான், சரக்கு அல்ல. நீங்கள் பாட்காஸ்ட் கேட்கிறவர் என்றால் இன்றும் தினமும் ஆர்.எஸ்.எஸ். உபயோகிக்கிறீர்கள். புது அத்தியாயம் உங்கள் ஃபோனுக்கு வந்து சேர்வது இதே கோப்பு வழியாகத்தான். 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி, நூற்றுக்கணக்கான தமிழ் வலைப்பதிவர்களை ஒரே பக்கத்தில் நாம் படிக்க வைத்ததும் இதே நுட்பத்தின் தோளில் ஏறித்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு ரீடர் வேண்டும். ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் கணக்கு தொடங்கி உபயோகிப்பவை, ஃபோனிலும் கணினியிலும் ஒரே பட்டியல் வரும். ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்றே ஒரு செயலி இருக்கிறது, கணக்கு எதுவும் கேட்காது. ஆப்பிள்காரர்களுக்கு நெட்நியூஸ்வயர் இருக்கிறது, அதுவும் இலவசம். கணினியில் தண்டர்பேர்டில் மின்னஞ்சல் பார்க்கிறவர்கள் வேறெதையும் நிறுவ வேண்டாம், அதிலேயே ஃபீடும் வரும்.

ரீடரைத் திறந்து கூட்டல் குறியைத் தொட்டால் முகவரி கேட்கும். உங்கள் ஊர்ச் செய்தித் தளத்தின் சாதாரண முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் போதும். தளத்தின் உள்ளே 'என் ஃபீட் இன்ன இடத்தில் இருக்கிறது' என்று ஒரு வரி நம் கண்ணுக்குத் தெரியாமல் எழுதியிருக்கும், ரீடர் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். கிடைக்கவில்லை என்று சொன்னால் தளத்தின் அடிப்பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சதுரத்தில் ஒரு புள்ளியும், அதிலிருந்து கிளம்புகிற இரண்டு வளைவுகளும் இருந்தால் அதுதான். அதைத் தொட்டதும் குறியும் கோடுமாக ஒரு பக்கம் திறந்தால், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று மூடிவிடாதீர்கள். அது செயலிக்கான எழுத்து. மேலே இருக்கிற முகவரியை மட்டும் நகல் எடுத்து ரீடரில் ஒட்டுங்கள். ஆரஞ்சுச் சதுரமும் இல்லையென்றால் இன்னொரு குறுக்குவழி. சிறு ஊர்த் தளங்களில் நிறைய வேர்ட்பிரஸில் கட்டியவை. முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று சேர்த்தால் திறந்துகொள்ளும். நடத்துகிறவருக்கே தெரியாமல் ஃபீட் ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் உண்டு.

பெரிய பத்திரிகைகளில் முழுத் தளத்துக்கும் ஒரு ஃபீட், பிரிவுக்கு ஒரு ஃபீட் என்று இருக்கும். முழுத் தளத்தின் ஃபீடைச் சேர்க்காதீர்கள். பெரியதாக ஏதோ கிடைக்கிறது என்ற ஆசையில்தான் பலரும் அதைச் சேர்த்து, மூன்றாம் நாள் ஆயிரம் தலைப்பைப் பார்த்து மிரண்டு, செயலியையே தூக்கிவிடுகிறார்கள். தி இந்து ஆங்கில நாளிதழ் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நகரவாரியாகத் தனித்தனி ஃபீட் தருகிறது. அப்படிக் கிடைக்கிற இடத்தில் உங்கள் ஊருடையதை மட்டும் எடுங்கள். எல்லா மாவட்டத்துக்கும் இந்த வசதி அமையாது. செய்தித் தளமே இல்லாமல், யூடியூபில் மட்டும் ஊர்ச் செய்தி சொல்கிற சேனல்கள் இப்போது நிறைய. ஒவ்வொரு யூடியூப் சேனலுக்கும் ஒரு ஃபீட் இருக்கிறது. சேனல் பக்கத்தின் முகவரியை ரீடரில் போட்டால் நல்ல ரீடர்கள் கண்டுபிடித்துவிடும். சமீபத்திய 15 வீடியோக்கள் வரும். மணியடிக்கச் சொல்லித் திரையில் கெஞ்சுகிறாரே, அந்த மணிக்கு வேலையே இல்லை.

தாலுகா அளவிலும் எதுவும் கிடைக்காத ஊர்களுக்கு கூகுள் அலர்ட்ஸ் உதவும். ஊர்ப் பெயரைக் கொடுத்து, மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்.எஸ்.எஸ். ஃபீடாக அனுப்பு என்று தேர்ந்தெடுத்தால் அதற்கு ஒரு முகவரி தரும். எந்தத் தளத்தில் அந்த ஊர்ப் பெயர் வந்தாலும் அந்த வழியே வரும். ரியல் எஸ்டேட் விளம்பரமும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இதுக்கு மாசம் எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணும் கட்ட வேண்டாம் சார். ஃபோன் நம்பர்கூடக் கேட்க மாட்டான்."

அவர் நம்பவில்லை. வங்கியில் இருந்தவர், இலவசம் என்றால் எங்கே கையெழுத்து என்று தேடுகிற பழக்கம். நியாயமான சந்தேகம்தான். ஃபீடில் சந்தா சேர்வது என்றால் பத்திரிகைக்கு உங்கள் பெயரோ மின்னஞ்சலோ போவதில்லை. நீங்கள் சேர்ந்ததே அவர்களுக்குத் தெரியாது, விலகினாலும் தெரியாது. "ஏன் விலகுகிறீர்கள்?" என்று கேட்கிற படிவம் கிடையாது, நீக்கினால் நீங்கிவிடும். ஆனால் ஃபீட்லி, இனோரீடர் போல் கணக்கு வைக்கிற சேவைகளுக்கு நீங்கள் எதையெல்லாம் படிக்கிறீர்கள் என்பது தெரியும். அது பிடிக்காதவர்கள் ஃபோனுக்குள்ளேயே வேலை செய்கிற செயலியை வைத்துக்கொள்ளலாம்.

அப்படி வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போஸ்டரில் இடம் கொஞ்சம்தான். வேர்ட்பிரஸ் தளம் என்றால், நடத்துகிறவர் மாற்றாத வரை, கடைசிப் பத்துச் செய்திகள் மட்டுமே ஃபீடில் நிற்கும். பதினோராவது வந்ததும் முதலாவது விழுந்துவிடும். ஒரு தளம் நாளைக்கு இருபது செய்தி போடுகிறது, நீங்கள் கல்யாணத்துக்குப் போன இடத்தில் இரண்டு நாள் ஃபோனில் நெட் இல்லை என்று வையுங்கள். ஃபோனுக்குள் மட்டும் இயங்குகிற செயலி திரும்பி வந்து பார்க்கும்போது கடைசிப் பத்துதான் இருக்கும். நடுவில் வந்து போனவை போனவைதான். கணக்கு வைக்கிற சேவைகளில் நீங்கள் தூங்கினாலும் அவர்களுடைய கணினி போய்ப் பார்த்து எடுத்து வைத்திருக்கும். எனக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே கணக்கு வைக்கிற சேவை பிடிக்கும். தினமும் தவறாமல் பார்க்கிறவர்களுக்கு அது தேவையில்லை.

செயலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கும் என்பதும் சேவைக்குச் சேவை மாறும். போகும்போதெல்லாம் முழுக் கோப்பையும் இழுத்து வராது. "கடைசியாக நான் பார்த்ததற்குப் பிறகு ஏதாவது மாறியதா?" என்று கேட்கும். இல்லையென்றால் தளத்தின் கணினி 304 என்று ஓர் எண்ணை மட்டும் பதிலாகச் சொல்லும், மாறவில்லை என்று அர்த்தம். இதனால் டேட்டா செலவு அற்பம். ஆனால் ஒன்று, கேட்டால்தான் பதில் வருகிறது, தானாக ஓடி வருவதில்லை. இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகலாம். ஆற்றில் வெள்ளம் வருகிற இரவில் ஃபீடை நம்பி உட்காராதீர்கள். அதற்கு அரசு அனுப்புகிற குறுஞ்செய்தியும், ஃபோன் அலறுகிற அவசர எச்சரிக்கையும்தான் வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மாவட்ட ஃபீட் கிடைக்காமல் தமிழ்நாடு முழுவதற்குமான ஃபீடைச் சேர்த்துவிட்டீர்கள். அதில் சேலம் செய்தி மட்டும் வேண்டும். இதற்கு வடிகட்டி வசதி இருக்கிறது, சில சேவைகளில் காசு கொடுத்தால்தான். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது இருக்கிற செய்தியை மட்டும் நிறுத்தி வைக்கும். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. தமிழில் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் இலக்கண வேலை.

'சேலம்' என்று கொடுக்கிறீர்கள். 'சேலம் மாநகராட்சி' என்று வருகிற செய்தி கிடைக்கும். 'சேலத்தில் கனமழை' கிடைக்காது, ஏனென்றால் அதில் 'சேலம்' என்ற எழுத்து வரிசையே இல்லை. ஊர்ச் செய்திகளின் தலைப்பில் பாதி 'இன்ன ஊரில்' என்றுதான் தொடங்குகின்றன. ஆகவே பாதி போச்சு. சரி, பொதுவாக இருக்கட்டும் என்று 'சேல' எனக் கொடுத்தால் சேலம் வரும், சேலத்தில் வரும், கூடவே ஆடித் தள்ளுபடிச் சேலையும் வரும். கணினிக்கு 'லை' என்பது தனி எழுத்தல்ல, லகரமும் அதன் மேல் ஒரு ஐகாரக் குறியும். ஆகவே 'சேலை'க்குள் 'சேல' இருக்கிறது. நெல்லைக்காரர்களுக்கு இதைவிடக் கஷ்டம். 'நெல்லை' என்று வடிகட்டினால் நெல்லையப்பர் தேரோட்டமும் வரும், 'நெல்லை உடனே கொள்முதல் செய்யக் கோரி தஞ்சை விவசாயிகள் மறியல்' என்பதும் வரும்.

வழி இருக்கிறது. 'சேலம', 'சேலத' என்று இரண்டையும் புள்ளி இல்லாமல் கொடுங்கள். கணினியில் மெய்யெழுத்து என்பது உயிர்மெய்யும் தனியாக ஒரு புள்ளியும் சேர்ந்தது. புள்ளியை விட்டுவிட்டால் சேலம், சேலமும், சேலத்தில், சேலத்துக்கு எல்லாம் அகப்படும், சேலை தப்பித்துப் போகும். இதே முறையில் மேட்டூருக்கு 'மேட்டூர', கரூருக்கு 'கரூர'. மதுரைக்காரர்களுக்கும் திருச்சிக்காரர்களுக்கும் இந்தப் பாடே இல்லை. மதுரையில், திருச்சிக்கு என்று எந்த வேற்றுமை சேர்ந்தாலும் ஊர்ப் பெயர் உடையாமல் அப்படியே நிற்கிறது. சில செயலிகள் முழுச் சொல்லாக மட்டுமே பொருத்திப் பார்க்கும், அவற்றில் இந்த வித்தை பலிக்காது. ஒரு செய்தியை வைத்துச் சோதித்துவிட்டு நம்புங்கள்.

மின்தடைக்கு வடிகட்டி வைக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு தளம் மின்தடை என்று சேர்த்து எழுதும், ஒரு தளம் மின் தடை என்று பிரிக்கும், ஒன்று மின்நிறுத்தம், இன்னொன்று மின்வெட்டு. அதிகாரபூர்வமாக எழுதுகிறவர் 'மின் விநியோகம் நிறுத்தம்' என்பார். எல்லாவற்றையும் போட வேண்டும்.

வேண்டியதைப் பிடிப்பதைவிட வேண்டாததைத் தள்ளுவது சுலபம் என்பது என் கட்சி. ராசிபலன், தங்கம் விலை, பிக்பாஸ். இந்த மூன்றையும் தள்ளி வைத்தாலே பல தளங்களின் ஃபீட் படிக்கிற அளவுக்கு மெலிந்துவிடும். (தங்கம் விலை வேண்டும் என்று வீட்டில் சொன்னால் அதை எடுத்துவிடுங்கள், நான் பொறுப்பல்ல.) விபத்துச் செய்தி மனதைக் கெடுக்கிறது என்று 'விபத்து' என்ற சொல்லைத் தள்ளியவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், லாரி கவிழ்ந்து போக்குவரத்து நெரிசல் என்ற செய்தியும் சேர்ந்து போய்விடும், நீங்கள் போய் அதே நெரிசலில் நிற்பீர்கள்.

சார் மறுநாள் இரண்டு புகாரோடு வந்தார். முதலாவது, ஒரே செய்தி இரண்டு தடவை வருகிறது. முன்பு சொன்ன அடையாள எண்தான் காரணம். ரீடர் அதை வைத்துத்தான் ஒரு செய்தியைப் பார்த்ததா, பார்க்காததா என்று அறிகிறது. நிருபர் தலைப்பில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் எண் மாறக் கூடாது. சில தளங்களில் திருத்தும்போது எண்ணும் மாறிவிடும், ரீடர் அதைப் புதுச் செய்தி என்று நினைத்துக்கொள்ளும். நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இரண்டாவது புகார் இன்னும் ரசமானது.

"மணி இப்போ பத்துதான் ஆகுது. சாயங்காலம் மூணரைக்கு வந்த செய்தின்னு காட்டுது தம்பி."

தளம் இந்திய நேரத்தை எழுதிவிட்டு, இது கிரீன்விச் நேரம் என்று முத்திரை குத்திவிடுகிறது. ரீடர் கடமை தவறாமல் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. அந்தத் தளத்தின் செய்திகள் எப்போதும் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருப்பதற்கும் அதுதான் காரணம். தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் திருத்திவிடுவார்கள். போடுகிறவர்கள்தான் இல்லை.

செய்தி ஏன் முழுதாக வருவதில்லை, இரண்டு வரியோடு 'மேலும் படிக்க' என்று நின்றுவிடுகிறதே என்பதும் பலர் கேட்கிற கேள்வி. முழுச் செய்தியையும் ஃபீடிலேயே தர முடியும், வேர்ட்பிரஸில் அது ஒரு தெரிவுதான். ஆனால் பத்திரிகைக்கு வருமானம் தளத்தில் இருக்கிற விளம்பரத்தில். எல்லாவற்றையும் போஸ்டரிலேயே எழுதினால் பேப்பரை யார் வாங்குவார்? ஊர்ச் செய்தியைப் பொறுத்தவரை அந்த இரண்டு வரியில் எந்தப் பகுதி, எத்தனை மணி என்பது இருந்தாலே போதும் என்றாலும், நல்ல செய்தி என்றால் தொட்டு உள்ளே போய்ப் படிப்பதுதான் முறை. சின்னத் தளங்கள் அந்த ஒரு தொடுதலில்தான் பிழைக்கின்றன.

எல்லாம் சொன்ன பிறகும், "வாட்ஸ்அப் குரூப்லேயே வருதே, இதெல்லாம் எதுக்கு?" என்று சார் இழுத்தார். அவருக்கு கனடாக் கதையைச் சொன்னேன். செய்திகளைக் காட்டி லாபம் பார்க்கிற பெரிய இணைய நிறுவனங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று அந்நாடு 2023-ல் சட்டம் கொண்டுவந்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பணம் தர மறுத்து, ஆகஸ்ட் 1 முதல் கனடாவில் செய்தி இணைப்புகளையே நிறுத்தத் தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து, வடமேற்குப் பிரதேசத்தின் தலைநகரான யெல்லோநைஃபை நோக்கிக் காட்டுத்தீ வந்தது. ஆகஸ்ட் 16 இரவு, ஏறக்குறைய 20,000 பேர் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. எந்தச் சாலை திறந்திருக்கிறது, விமானம் எப்போது என்பதையெல்லாம் கேபின் ரேடியோ என்ற உள்ளூர்ச் செய்தித் தளம் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பை ஃபேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் பகிர முடியவில்லை. மக்கள் என்ன செய்தார்கள்? செய்தியைத் திரையோடு படம் பிடித்துப் போட்டார்கள். அதாவது நம்முடைய மழை விடுமுறைப் படம் மாதிரியே, தொட்டால் மூலச் செய்திக்குப் போக முடியாத ஒரு படம். கேபின் ரேடியோ தளம் என்னவோ எப்போதும்போல் திறந்துதான் கிடந்தது. நேரடியாகப் போகத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

சார் பேசாமல் இன்னொரு டீ சொன்னார்.

அவருடைய பட்டியலில் இப்போது எட்டு ஃபீட் இருக்கிறது, அது போதும் என்பது என் அபிப்பிராயம். பட்டியலைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்கிற வசதி எல்லா நல்ல ரீடரிலும் உண்டு. ஓ.பி.எம்.எல். என்று அதற்குப் பெயர். இன்றைக்கே ஒரு முறை இறக்கி மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். கூகுள் ரீடர் மூடியபோது அந்தக் கோப்பை வைத்திருந்தவர்கள் அடுத்த கடையில் போய் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு பராமரிப்பு வேலை. ஃபீட் செத்தால் சத்தம் வராது. வருகிற செய்தி நின்றுபோயிருக்கும், உங்களுக்கு அது தெரியவும் தெரியாது. அவ்வப்போது பட்டியலைத் திறந்து எது ரொம்ப நாளாகப் பேசாமல் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்தத் தளத்துக்கே போய்ப் பாருங்கள். தளம் ஓடிக்கொண்டிருந்தால் ஃபீட் முகவரி மாறியிருக்கும், பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்துக்கொள்ளலாம். தளமே நின்றிருந்தால், ஒரே ஆள் நடத்தி வந்த ஊர்ச் செய்தித் தளமாக இருக்கக்கூடும், முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார். அப்படி விட்ட முகவரியை வேறு யாராவது வாங்கி அதே பெயரில் ஆன்லைன் சூதாட்ட விளம்பரம் ஓட்டுவது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் ஊர்ப் பெயர் போட்ட ஃபீடில் திடீரென்று ரம்மி வர ஆரம்பித்தால் ஒன்றையும் தொடாமல் நீக்கிவிடுங்கள்.